தங்கைக்கு மகளிர் கல்லூரியில் இடம்: அனுப்புவதா, வேண்டாமா?

கொட்டகலை அண்ணன்

வணக்கம். என் தங்கை பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரப் பரீட்சையில் கலைப் பிரிவு. தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம். பெறுபேறு பரவாயில்லை, நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளிப்படி ஏதாவதொரு கலைப்பீடம் கிடைக்கும் என்று பாடசாலையில் சொல்கிறார்கள். இதற்கிடையில் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் அவளே விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வும் முடித்து, வங்காளதேசத்தின் சிட்டகாங்கில் இருக்கும் ஆசிய மகளிர் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டாள். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் புலமைப்பரிசிலில் அடக்கம் என்று கடிதத்தில் இருக்கிறது.

வீடு இரண்டுபட்டு நிற்கிறது. அப்பாவுக்கு ‘பெண்பிள்ளைகள் மட்டும்’ என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது, சம்மதித்துவிட்டார். அம்மா வாய் திறக்கவில்லை. தேயிலை மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார், வருகிறார், சமைக்கிறார். தாய்மாமா மட்டும் ஓயாமல் பேசுகிறார். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் நம் கலைப்பீடம்தானே, அதைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் படிக்காமல் எதற்கு விமானம் ஏற வேண்டும் என்பது அவர் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கொழும்பில் கடையில் நிற்பவன், சாதாரணதரத்தோடு படிப்பை நிறுத்தியவன்.

பெண்கள் மட்டும் படிக்கும் இடம் என்பதால் பாதுகாப்பைத் தவிர வேறு நன்மை ஏதாவது உண்டா? அந்த லிபரல் ஆர்ட்ஸ் என்பது என்ன? படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் சொல்லுங்கள்.

பிரட்டுக்களம்

தம்பி, மனம் நோகாமல் கேளுங்கள். இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன் நான், தொழிற்சங்க வேலையில் காலம் கழித்தவன். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் பதாகை பிடித்து வேலை கேட்கும் பட்டதாரிகளை, கடைக்குப் போகும் வழியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் என்ன படித்தவர்கள்? அதே கலைப் பட்டத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்தால் சம்பளம் கூடிவிடுமா? என் மூத்தவளைத் தாதியர் பயிற்சிக்குப் போகச் சொன்னேன், போனாள், இன்று சம்பளம் எடுக்கிறாள். தோட்டத்துப் பிள்ளைக்கு முதலில் கையில் ஒரு தொழில், தத்துவமெல்லாம் அப்புறம். கொழுந்தெடுக்கும் தாயின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாய்க்கு வந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிள்ளை உழைக்காமல் படிக்கும் ஒவ்வொரு வருடமும் செலவுதான், புலமைப்பரிசில் இருந்தாலும்.

பெண்கள் மட்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நல்லதுதான்.

ஊவா மகள்

தம்பி, நான் பதுளைப் பக்கம். இந்திய அரசின் புலமைப்பரிசிலில் தமிழ்நாட்டில் ஒரு மகளிர் கல்லூரியில் பொருளியல் படித்தேன். இப்போது கண்டியில் வேலை. மாமாவின் கேள்வியை முதலில் எடுக்கிறேன், எல்லோரும் வழுக்கும் இடம் அதுதான்.

நம் பக்கத்தில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவை எத்தனை பேர் விரும்பி எடுக்கிறோம்? எங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவே கிடையாது. பௌதிகவியல் கற்பிக்க ஆள் இல்லை. ‘ஆய்வுகூடம்’ என்று எழுதிய அறையில் கால் உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். டவுனுக்குப் போய்ப் படிப்பதென்றால் பஸ் காசு, அறை வாடகை. ஆகவே கலை. பதினாறு வயதில் ஓர் ஆசிரியர் இல்லாத குறை நமக்காக எடுத்த முடிவு அது. அதற்குப் பிறகு இலங்கையில் எந்த விஞ்ஞானபீடத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது, எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும்.

அமெரிக்க முறை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி இதை வேறுமாதிரி நடத்துகிறது. வந்தவுடனே ஒரு துறைக்குள் அடைக்க மாட்டார்கள். முதல் ஓரிரு வருடம் இலக்கியம், வரலாறு, கணிதம், சமூகவியல், ஏதாவதோர் இயற்கை விஞ்ஞானம் என்று எல்லாப் பக்கமும் கொஞ்சம் நடந்தாக வேண்டும். எதில் மனம் நிற்கிறது, எதில் புள்ளி வருகிறது என்று பார்த்த பிறகே பிரதான பாடம். வகுப்புகள் சிறியவை; குறிப்பு எழுதி மனப்பாடம் செய்து ஒப்பிப்பது குறைவு, வாசித்துவிட்டு வந்து வாதாடுவதும் கட்டுரை எழுதுவதும் அதிகம். சிட்டகாங்கில் பொருளியல், பொதுச் சுகாதாரம், சுற்றாடல் விஞ்ஞானம், உயிர்த்தகவலியல், அரசியலும் தத்துவமும் பொருளியலும் சேர்ந்த படிப்பு என்றெல்லாம் இருக்கின்றன. பள்ளிப் படிப்பில் குறை இருப்பவர்களுக்கு முதலில் ஆயத்த வகுப்பு வைத்து ஆங்கிலத்தையும் கணிதத்தையும் திருத்தி எடுக்கிறார்கள். கலைப் பிரிவில் படித்த உங்கள் தங்கை அங்கே சுற்றாடல் விஞ்ஞானப் பட்டம் வாங்கலாம். பேராதனையில் அது நடக்காது. மாமாவிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

நான் படித்தது அந்த அமெரிக்க முறை அல்ல. தமிழ்நாட்டில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், அப்புறம் பிரதான பாடம், துணைப் பாடம் என்று அடுக்கு. ஆனால் அந்தத் துணைப் பாடம் எனக்குப் புள்ளியியலாக அமைந்தது. உயர்தரத்தில் கணிதத்தின் முகத்தையே பார்க்காதவள் நான். முதல் பருவம் முழுக்க அழுதேன். இன்று சோறு போடுவது அந்தத் துணைப் பாடம்தான். இது பிரட்டுக்களம் ஐயாவுக்கு.

பெண்கள் மட்டும் என்பதைப் பற்றி இரவு எழுதுகிறேன், அது நீளம்.

எண்ணும் எழுத்தும்

மகளிர் கல்லூரியின் பெருமையைப் பேசத் தொடங்கினால் சாதித்த பழைய மாணவிகளின் பட்டியல் வரும். வருவதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை. 1973இல் அமெரிக்காவில் எலிசபெத் டிட்பால் என்ற ஆய்வாளர், சாதனைப் பெண்களின் விபரத்திரட்டு ஒன்றை எடுத்துக் கணக்கிட்டு, மகளிர் கல்லூரியில் படித்தவர்கள் அவர்களது எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் அதில் இருக்கிறார்கள் என்று காட்டினார். ஐம்பது வருடமாக இந்த வாதம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் 1978இலேயே ஓட்ஸ், வில்லியம்சன் என்ற இருவர் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்தச் சாதனையாளர்களில் பெரும்பங்கு ‘ஏழு சகோதரிகள்’ எனப்படும் பழைய, செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் படித்த, கடும் போட்டிக் கல்லூரிகளிலிருந்து வந்தது. வசதியான வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளை எங்கே படித்தாலும் மேலே வருவாள். கல்லூரி செய்ததா, வீடு செய்ததா?

இன்னொன்று. யேல், பிரின்ஸ்டன் இரண்டும் 1969இல் இளநிலைப் படிப்புக்குப் பெண்களைச் சேர்க்கத் தொடங்கின. அதே வருடம் வாசர் கல்லூரி ஆண்களைச் சேர்த்துக்கொண்டது. ராட்கிளிஃப் 1999இல் ஹார்வர்டோடு முழுதாகக் கலந்தது. கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரி 2022இல் வேறொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. நல்ல கதவுகள் திறந்ததும் பெண்களே அந்தப் பக்கம் நடந்துவிட்டார்கள். நன்மை அவ்வளவு பெரிதென்றால் ஏன் போனார்கள்?

பழைய வாத்தியார், மாத்தளை

ஏழு சகோதரிகளைப் பணக்கார வீட்டுக்காரர்கள் என்று ஒரே வீச்சில் தள்ளிவிட்டார் நண்பர். அவற்றில் மூத்ததான மவுண்ட் ஹோலியோக் 1837இல் மேரி லயன் என்ற ஆசிரியை தொடங்கியது. பண்ணை வீட்டுப் பெண்களும் படிக்க வேண்டும் என்பதற்காக ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்னத் தொகைகளாகத் திரட்டினார். கட்டணம் குறைய வேண்டும் என்று சமையலையும் துப்புரவையும் மாணவிகளே செய்தார்கள். இரசாயனவியலை அவரே கற்பித்தார். பெண்ணுக்குப் பூத்தையலும் பியானோவும் போதும் என்று இருந்த காலத்தில்.

அதற்கும் பதின்மூன்று வருடம் முன்னால், 1824இல், நம் நாட்டில் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிகள் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டார்கள். எலைசா அக்னியூ அம்மையார் 1840இல் வந்து ஏறத்தாழ நாற்பது வருடம் அங்கே உழைத்தார். ‘ஆயிரம் மகள்களின் தாய்’ என்று பெயர். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி நிறுவினார். மலைநாட்டுக்கு அந்தக் காலத்தில் என்ன வந்தது? தோட்டப் பாடசாலை என்ற ஓர் அறை, ஒரே ஆசிரியர், அதுவும் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வயது வரை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். கண்டியின் பெரிய மகளிர் பாடசாலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன, ஆனால் தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் படி எட்டாத உயரம். இந்தப் பெண் இப்போது தானாக ஒரு கடிதம் வாங்கி வந்திருக்கிறாள்.

மாமாவுக்குச் சொல்ல இன்னொரு கதை. ஜப்பானில் சுடா உமெகோ என்று ஒருவர். 1871இல் ஆறு வயதில் அரசு அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. வளர்ந்த பிறகு இரண்டாம் முறை போய் பிரின் மார் மகளிர் கல்லூரியில் உயிரியல் படித்தார். தவளை முட்டை பற்றிய ஆய்வுக் கட்டுரையில் டி. எச். மோர்கனோடு அவர் பெயரும் இருக்கிறது. மோர்கன் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். உமெகோ ஊர் திரும்பி 1900இல் பெண்களுக்கு ஒரு கல்லூரி தொடங்கினார். 2024இல் வந்த புதிய 5,000 யென் தாளில் அவர் முகம்.

எண்ணும் எழுத்தும்

வாத்தியார் ஐயா, உமெகோ சாமுராய் வீட்டுப் பிள்ளை. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பழைய வாத்தியார், மாத்தளை

நிற்கட்டும். உங்கள் ஆய்வு, வசதியுள்ள பிள்ளை எங்கே போனாலும் மேலே வருவாள் என்று சொல்கிறது. வசதியில்லாத பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்பது பெரிய விஷயம் என்பதற்கு அதுவே சாட்சி. உயர்தர வகுப்பில் முப்பது வருடம் நின்றவன் சொல்கிறேன்.

ஊவா மகள்

சொன்னபடி வந்தேன்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் பேர் கூப்பிடுபவர் ஆண். மலையில் நிற்கும் கங்காணி பெரும்பாலும் ஆண். தராசில் நிற்பவர் ஆண். கூடை மட்டும் பெண். சங்கத்துக்குச் சந்தா கட்டும் பெண்களின் எண்ணிக்கையையும் மேசைக்குப் பின்னால் இருக்கும் பெண்களின் எண்ணிக்கையையும் பிரட்டுக்களம் ஐயாவே ஒப்பிட்டுச் சொல்லட்டும். 1930களில் மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தோட்டம் தோட்டமாகப் பாடித் தொழிலாளரைத் திரட்டிய மண் இது. ஆனாலும் இந்த அடுக்கு அசையவில்லை. கலப்புப் பாடசாலையிலும் இதே கதைதான். கலைவிழா என்றால் நாங்கள் மாலை கட்டுவோம், ஆலாத்தி எடுப்போம், தேநீர் கொடுப்போம். ஒலிபெருக்கி, மேடை, காசு, வரவேற்புரை எல்லாம் பையன்கள். யாரும் தடுக்கவில்லை. எங்களுக்கே கை நீளாது.

கல்லூரியில் முதல் வருடம் நாடக விழா. கடைசி நேரத்தில் மேடை விளக்கு எரியவில்லை. நான் பழக்கத்தில் யாராவது வருவார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இராமநாதபுரம் பக்கத்துப் பௌதிகத் துறை அக்கா ஒருவர் தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, டெஸ்டரைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏணியில் ஏறினார். என்னை ஏணியைப் பிடிக்கச் சொன்னார். மேலிருந்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்து, எங்கே அறுந்திருக்கிறது என்று எனக்கு விளக்கிக்கொண்டே வேலை செய்தார். அடுத்த வருடம் ஏணியில் நான். அங்கே சங்கத் தலைவி, பொருளாளர், பத்திரிகை ஆசிரியர், கிரிக்கெட் தலைவி, வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமென்று மேசையில் அடிப்பவள் எல்லாம் நாங்கள்தான். வேறு ஆளே இல்லையே.

இரண்டாவது, வாய். அபிவிருத்திப் பொருளியல் வகுப்பில், உங்கள் ஊரில் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று ஒவ்வொருவரும் பேச வேண்டும் என்றார் பேராசிரியர். நான் எழுந்து தராசைச் சொன்னேன். கொழுந்துச் சாக்குக்கென்று ஒரு கழிவு, இலையில் இருக்கும் தண்ணீருக்கென்று ஒரு கழிவு. வெயில் எரிக்கும் நாளிலும் தண்ணீர்க் கழிவு உண்டு. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். சொல்லிவிட்டு உட்காரப் போனேன். அவர் சுண்ணக்கட்டியை நீட்டி, ஒரு மலையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரு மாதத்துக்கு அந்தக் கழிவு எத்தனை கிலோ, அது எத்தனை பேர் கூலி என்று பலகையில் போடச் சொன்னார். போட்டேன். வகுப்பு சத்தமில்லாமல் பார்த்தது. பின்வரிசையில் தூத்துக்குடிப் பிள்ளை ஒருத்தி எழுந்து, எங்கள் உப்பளத்திலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது என்று தொடங்கினாள். மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை. அம்மா வாழ்நாளெல்லாம் முணுமுணுத்த ஒரு விஷயத்தை நான் பாடமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கலப்பு வகுப்பில் இது நடக்காதா என்றால், நடக்கலாம். நான் எழுந்திருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

பேராதனைக்காரி

அக்கா எழுதியதை ரசித்து வாசித்தேன். ஆனால் நான் எதிர்க்கட்சி.

புசல்லாவைப் பக்கம் என் ஊர். பேராதனையில் புவியியல் சிறப்புப் பட்டம், சங்கமித்தா விடுதியில் இருந்தவள். முதலாவது, மதிலுக்குள் சில வருடம் பேசிப் பழகிவிட்டு வெளியே வந்தால் மேசையைச் சுற்றி ஆண்கள்தானே இருக்கப் போகிறார்கள்? அவர்களை இடைமறித்துப் பேச எப்போது பழகுவது? இரண்டாவது எனக்கு முக்கியம். பேராதனையில் என் அறையில் குருநாகல் சிங்களப் பிள்ளை, அக்குறணை முஸ்லிம் பிள்ளை, நான். சிங்களம் அங்கேதான் வாயில் வந்தது. இன்று பிரதேச செயலகத்திலோ பொலிஸிலோ ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்காக நான் பேசினால் காது கொடுக்கிறார்கள் என்றால் அந்தச் சிங்களத்தால்தான். சிட்டகாங்கில் ஆங்கிலம் வரும், நேபாளத் தோழி வருவாள், நல்லது. நாட்டுக்குள்ளே நம் ஆட்களுக்கு வேண்டிய மொழி வராது. மகாபொல உதவிப்பணம் கிடைக்கும், வீட்டுக்கு மாதம் ஒருமுறை வரலாம், பட்டம் செல்லுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டிலும் வருகின்றன. நம் பிள்ளைகளுக்காக இருக்கும் இடத்தை ஏன் விட வேண்டும்?

பகிடிவதையை, அந்த ராகிங்கைப் பற்றிக் கேட்பீர்கள். 1998இலேயே தடைச் சட்டம் வந்தது, வந்தும் ஒழியவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

ஊவா மகள்

சிங்களம் பற்றிச் சொன்னது முழு உண்மை, தங்கச்சி. அரசாங்கக் கச்சேரிப் படிவம் நிரப்ப எனக்கு இன்றும் அலுவலகத்தில் ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

மதிலைப் பற்றியும் நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொல்வதற்கு முன்பு. ஆறு மணிக்குக் கதவு. வெளியே போக அனுமதிச் சீட்டில் வார்டன் கையெழுத்து, பொறுப்பாளர் பெயர், திரும்பும் நேரம். இருபது வயதில் ஒரு சீப்பு வாங்க அனுமதி கேட்பது எரிச்சலான விஷயம். அப்பாவை ஒப்புக்கொள்ள வைத்ததும் அந்த மதில், என்னைப் பல்லைக் கடிக்க வைத்ததும் அதே மதில். கொட்டகலைத் தம்பியின் அப்பா சம்மதித்த காரணம் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், சம்மதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது அவள் பாடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் சேருவோரில் பாதிக்கு மேல் பெண்கள். கலைப்பீடத்தில் இன்னும் அதிகம். நீ படித்த காலத்தில் மாணவர் ஒன்றியத் தலைவர் யார்?

பேராதனைக்காரி

எல்லா வருடமும் ஒரு அண்ணன். நான் துணைச் செயலாளராக இருந்தேன். கூட்ட அறிக்கை எழுதினேன். தேநீரும் சொன்னேன், போதுமா?

ஆனாலும் சிங்களத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லிந்துலை அம்மா

என் நாத்தனார் மகள் அந்தச் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறாள், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். வங்காளதேச நாடாளுமன்றச் சட்டப்படி அமைந்தது, 2008இல் வகுப்பு தொடங்கியது. மாணவிகள் ஆசியாவின் பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், ரோஹிங்கியா முகாம்களின் பெண்கள் என்று படிப்பு எட்டாதவர்களுக்காகத் தனித் திட்டம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். 2021இல் தாலிபான் வந்தபோது காபூலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்கான் மாணவிகளை வெளியே எடுத்தார்கள். எங்கள் பிள்ளையின் அறைத்தோழி ஆப்கான் பிள்ளை. இருவருக்கும் பொது மொழி ஆங்கிலம் மட்டும். ஆகவே சண்டை போடக்கூட ஆங்கிலம் வேண்டும், சீக்கிரம் வந்துவிட்டது என்று சிரிக்கிறாள். கடுகெண்ணெயும் மீனும் ஒத்துக்கொள்ள நாள் எடுத்தது. தேங்காய்ச் சம்பலுக்கு ஏங்குகிறாள்.

பயத்தையும் சொல்ல வேண்டும். 2024 யூலையில் அந்த நாட்டில் மாணவர் போராட்டம் வெடித்து இணையத்தை நாடு முழுக்க நிறுத்தினார்கள். பிள்ளையின் குரல் கேட்கவில்லை. நாத்தனார் சாப்பிடவில்லை, கோயிலில் கிடந்தார். ஓகஸ்ட் 5இல் அரசாங்கமே விழுந்தது. பிள்ளை பத்திரமாகத்தான் இருந்தாள், பிறகு படிப்பைத் தொடர்ந்தாள். ஆனால் உங்கள் அம்மா வாய் திறக்காமல் இருக்கிறார் என்றீர்களே, அந்த மௌனத்தை அற்பமாக நினைக்காதீர்கள், தம்பி.

கொட்டகலை அண்ணன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தராசு பகுதியை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: நடு வருடத்தில் இனிக் காசு இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் பிள்ளையை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது?

எனக்குப் பதில் வரவில்லை.

எண்ணும் எழுத்தும்

இந்த இழையில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி உங்கள் அம்மாவுடையது. இந்த வகைக் கல்லூரிகள் நன்கொடையில் ஓடுபவை. அமெரிக்காவில் ஸ்வீட் பிரையர் மகளிர் கல்லூரி 2015இல் மூடப்போகிறோம் என்று திடீரென அறிவித்தது. பழைய மாணவிகள் பணம் திரட்டி வழக்காடிக் காப்பாற்றினார்கள். ஆகவே கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். புலமைப்பரிசில் முழுப் படிப்புக்காலத்துக்குமா, வருடா வருடம் புதுப்பிப்பதா? புதுப்பிக்க எவ்வளவு புள்ளி எடுக்க வேண்டும்? ஆயத்த வகுப்பில் தேறாவிட்டால் என்ன? விமானச் சீட்டு, விசா, மருத்துவக் காப்புறுதி யார் பொறுப்பு? விடுமுறைக்கு வந்துபோகும் செலவு? கடிதத்தில் இல்லாததை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தை முதல் நாளிலேயே தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், யாரும் தொடக்கூடாது.

பட்டம் இங்கே செல்லுமா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். அரச நியமனத்துக்கு அது தேவைப்படும். உள்நாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் கட்டாயம் போடுங்கள். இடம் கிடைத்த பிறகு வேண்டாம் என்று சொல்லலாம். விண்ணப்பிக்காமல் விட்டால் கேட்க முடியாது.

மகளிர் கல்லூரி பற்றிய என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஊவா மகள் சொன்ன கலைப் பிரிவு விஷயம் கனமானது. கணிதம் மறுக்கப்பட்ட பிள்ளைக்கு இருபது வயதில் கணிதம் தருகிற இடம் இங்கே எதுவும் எனக்குத் தெரிய இல்லை. திறந்த பல்கலைக்கழகம் ஓரளவுக்கு, அவ்வளவே.

பிரட்டுக்களம்

என் கேள்வியும் அப்படியே இருக்கிறது. பட்டம் முடித்து வந்தபின் என்ன வேலை?

ஊவா மகள் கேட்ட ஒப்பீட்டுக்குப் பதில் சொல்கிறேன். எங்கள் காரியாலயத்தில் மகளிர் அணிக்குத் தலைவி இருக்கிறார். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் எனக்குத் தெரிந்து பெண் இருந்ததில்லை. எழுதிவிட்டேன்.

ஊவா மகள்

வேலைக்கு நேரான பதில் என்னிடம் இல்லை, ஐயா. தாதியர் பயிற்சியைப் போல நியமனக் கடிதத்தில் முடியும் படிப்பு அல்ல இது. என்னோடு படித்தவர்களில் வங்கி, தொண்டு நிறுவனம், தரவு வேலை, ஆசிரியத் தொழில் என்று பல பக்கம் போனார்கள். வேலை தேடி நாளைக் கடத்தியவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதவும் கணக்குப் பார்க்கவும் கூட்டத்தில் எழுந்து பேசவும் தெரிந்தவளுக்குக் கண்டியிலும் கொழும்பிலும் வாய்ப்பு இருக்கிறது. ஹட்டனில் குறைவு. அவள் ஊரோடு இருந்து சம்பாதிக்க வேண்டும் என்பது வீட்டின் முதல் தேவையானால், உங்கள் வழி சரி.

லிந்துலை அம்மா

தம்பி, யாரும் சொல்லாத ஒன்று. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், இன்றைக்கே. எங்கள் பிள்ளையுடையதில் பெயரைப் பதிவாளர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதியிருந்தார். பாடசாலைப் பதிவில் ஒரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் ஒரு மாதிரி, தகப்பன் பெயர் மூன்றாவது மாதிரி. கடவுச்சீட்டுக்குப் போன இடத்தில் அதைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் அலைந்த அலைச்சலில் அனுமதியே பறிபோகப் பார்த்தது.

கொட்டகலை அண்ணன்

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பாடசாலையில் புவனேஸ்வரி. பிறப்புச் சான்றிதழில் புவனேஷ்வரீ மாதிரி ஏதோ இருக்கிறது, எனக்குச் சிங்களம் சரியாக வாசிக்க வராது. அப்பாவின் பெயரில் முன்பாதி இல்லை.

பேராதனைக்காரி

படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அண்ணா, நான் வாசித்துச் சொல்கிறேன். திருத்தத்துக்குப் பிறப்பைப் பதிந்த பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதியில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அப்பாவின் அடையாள அட்டை, அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அது, பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, சத்தியக் கடதாசி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். இன்னும் என்ன கேட்பார்கள் என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். திருத்திய சான்றிதழ் கைக்கு வந்த பிறகு கடவுச்சீட்டுக்குக் கண்டி அலுவலகம் போதும், பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும் செய்யுங்கள். கடையில் தட்டச்சு செய்தது செல்லாது.

பிரட்டுக்களம்

தம்பி, எந்தப் பிரதேச செயலகம்? தகப்பன் பெயர்த் திருத்தம் என்றால் தகப்பன் நேரில் வர வேண்டியிருக்கும், அவரை ஒரு நாள் வேலைக்கு விடுமுறை எடுக்கச் சொல்லுங்கள். காலை எட்டரைக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். புதன்கிழமை வந்தால் நானும் வருகிறேன்.

கொட்டகலை அண்ணன்

புதன் சரி, ஐயா. அப்பாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.